படத்துக்குப் பின்னால் விளக்குத் தேடியவர்கள்



கொஞ்சம் நீண்ட பதிவு. இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

போன வாரம் தரம் 10 பிள்ளைகளுக்கு ஓர் ஓவியத்தைக் காட்டினேன். வகுப்பில் புரொஜெக்டர் இல்லை, என் போனில்தான் காட்டினேன். இரவு நேரம். முகில்கள் விலகிய இடத்தில் முழு நிலவு. கீழே இருண்ட சமவெளி. அதன் நடுவே வளைந்து போகும் ஓர் ஆறு. நிலவு படும் இடத்தில் மட்டும் தண்ணீர் பச்சை கலந்த வெள்ளியாக மின்னுகிறது. கரையில் சில குடிசைகள், ஜன்னலில் சிவந்த சிறு வெளிச்சம். அவ்வளவுதான் படம்.

"நல்லா இருக்கு சேர்" என்றார்கள். ஒருவன் "போட்டோவா சேர்?" என்று கேட்டான். போன் கைமாறிக் கைமாறி இரண்டு நிமிடத்தில் என் மேசைக்குத் திரும்பி வந்துவிட்டது.

இதே படத்தை 1880ஆம் ஆண்டு பார்த்த மக்கள் நடந்துகொண்ட விதம் வேறு. சிலர் குனிந்தும் எட்டியும் சட்டத்துக்குப் பின்னால் பார்த்தார்கள். உள்ளே எங்கோ ஒரு விளக்கை ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று அவர்களுக்குச் சந்தேகம். துணியும் வண்ணமும் மட்டும் இப்படி ஒளி வீசும் என்று அவர்களால் நம்ப முடியவில்லை.

அவர்கள் ஏன் அப்படித் தேடினார்கள், நம் பிள்ளைகள் ஏன் தேடவில்லை? இந்தக் கேள்வி ஒரு வாரமாக மனதில் கிடக்கிறது. அதற்காகத்தான் இந்தப் பதிவு.

படத்தின் பெயர் "தினீப்பர் ஆற்றில் நிலவொளி இரவு". வரைந்தவர் ஆர்கிப் குயின்ஜி. இடம் அன்றைய ரஷ்யப் பேரரசின் தலைநகரமான சென் பீட்டர்ஸ்பேர்க். 1880இன் இலையுதிர் காலத்தில், கலைஞர்களை ஊக்குவிக்கும் சங்கத்தின் மண்டபத்தில் கண்காட்சி நடந்தது. அந்தக் கண்காட்சியில் இருந்தது ஒரேயொரு படம். ஒரு படத்துக்காக மட்டும் ஒரு கண்காட்சி வைப்பது அந்த ஊருக்குப் புதுமை. ஜன்னல்களைத் திரைச்சீலையால் மூடினார்கள். மண்டபம் இருட்டானது. விளக்கொளி படத்தின் மேல் மட்டும் விழும்படி செய்தார்கள். வெளியே தெருவில் குதிரை வண்டிகள் வரிசையாக நின்றன. மக்கள் நீண்ட வரிசையில் காத்திருந்து சிறு சிறு கூட்டமாக உள்ளே போனார்கள். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குள் வந்தவர்களின் கண்கள் மெல்லப் பழகும்போது, எதிரே நிலவு.

குயின்ஜி செய்த முதல் வேலை இதுதான் என்று நினைக்கிறேன். படத்தைக் காட்டுவதற்கு முன்பே பார்ப்பவர்களை இரவுக்குள் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்.

இந்த மனிதர் யார்? அவர் பிறந்தது மரியுபோல் நகரில், 1840களின் தொடக்கத்தில். இன்றைய உக்ரேனில், அசோவ் கடலோரத்தில் இருக்கும் ஊர். தகப்பன் ஏழைச் செருப்புத் தொழிலாளி. இனத்தால் கிரேக்கர். ஆனால் அந்த ஊர்க் கிரேக்கர்களின் கதை கொஞ்சம் வித்தியாசமானது. கிரிமியா ஒரு முஸ்லிம் கானரசாக இருந்த காலத்தில் அவர்கள் அங்கே தாத்தாரியர்களோடு பல தலைமுறை வாழ்ந்தவர்கள். 1778 முதல் 1780 வரையான காலத்தில் ரஷ்யா அவர்களை அங்கிருந்து கிளப்பி மரியுபோல் பக்கம் குடியேற்றியது. அவர்களில் ஒரு பகுதியினர் வீட்டில் பேசியது கிரேக்க மொழியல்ல, தாத்தாரிய மொழியை ஒத்த ஒரு துருக்கிய மொழி. குயின்ஜி என்ற பெயரே துருக்கியில் நகைத்தொழிலாளியைக் குறிக்கும் 'குயும்ஜு' என்ற சொல்லிலிருந்து வந்தது. வழிபாட்டில் கிறிஸ்தவர், பேச்சில் துருக்கியர், வம்சத்தில் கிரேக்கர், நாட்டால் ரஷ்யப் பேரரசின் குடி. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

சிறு வயதிலேயே தாயையும் தகப்பனையும் இழந்தார். உறவினர் வீட்டில் வளர்ந்தார். வாத்து மேய்த்தார், கட்டட வேலைக்காரரிடமும் தானிய வியாபாரியிடமும் எடுபிடியாக நின்றார். படிப்பு அதிகம் இல்லை. கிடைத்த சுவரிலும் தாளிலும் வரைந்துகொண்டே இருந்தார். கிரிமியாவின் பியோதோசியா நகரில் ஐவசோவ்ஸ்கி என்ற பெரிய ஓவியர் இருந்தார். கடலையும் நிலவொளியையும் வரைவதில் பேர்பெற்றவர், இஸ்தான்பூல் சுல்தான்களின் அரண்மனைக்கும் படம் வரைந்து கொடுத்தவர். அவரிடம் கற்பதற்காகப் பதின்ம வயதில் குயின்ஜி அந்த ஊருக்குப் போனார். அங்கே கிடைத்தது பெரும்பாலும் வண்ணம் அரைக்கும் வேலை. திரும்பி வந்து சில வருடங்கள் புகைப்பட ஸ்டூடியோக்களில் படங்களுக்கு டச்சப் செய்யும் வேலை பார்த்தார். சென் பீட்டர்ஸ்பேர்க் ஓவியக் கல்விக்கழகத்துக்கு விண்ணப்பித்தார், எடுக்கவில்லை. மறுபடியும் விண்ணப்பித்தார், அப்போதும் எடுக்கவில்லை. 1868இல்தான் வகுப்புகளில் இருந்து கேட்க அனுமதி கிடைத்தது.

அந்த மனிதரின் படத்தைப் பார்க்கத்தான் பன்னிரண்டு வருடம் கழித்துத் தலைநகரமே வரிசையில் நின்றது.

இனி, இரவை வரைவது ஏன் அவ்வளவு கஷ்டம் என்று பார்ப்போம்.

பகலை வரைபவருக்குச் சூரியன் உதவி செய்யும். எல்லாப் பொருளுக்கும் நிறமும் விளிம்பும் நிழலும் தெளிவாகத் தெரியும். முழு நிலவின் வெளிச்சமோ சூரிய வெளிச்சத்தை விடச் சுமார் 4 இலட்சம் மடங்கு குறைவு. அந்த வெளிச்சத்தில் தட்டில் இருப்பது எந்த வண்ணம் என்றே கண்ணுக்குத் தெரியாது. ஆகவே இரவுக் காட்சியை அந்த இடத்திலேயே இருந்து வரைய முடியாது. பார்த்து, மனதில் வைத்து, வீட்டுக்கு வந்து வரைய வேண்டும்.

இரண்டாவது கஷ்டம் இன்னும் பெரியது. வானத்தில் நிலவு இருக்கும் பிரகாசத்துக்கும் அதன் கீழே கிடக்கும் இருண்ட நிலத்துக்கும் இடையே இலட்சக்கணக்கான மடங்கு வித்தியாசம். ஓவியரின் கையில் இருக்கும் மிக வெள்ளையான வண்ணத்துக்கும் மிகக் கறுப்பான வண்ணத்துக்கும் இடையே இருப்பதோ சில பத்து மடங்கு வித்தியாசம்தான். அந்தச் சின்ன அளவுக்குள் அந்தப் பெரிய இரவை அடக்க வேண்டும். வெள்ளையை எவ்வளவு அள்ளிப் பூசினாலும் துணி ஒளி வீசாது. செய்யக்கூடியது ஒன்றுதான். சுற்றியுள்ளதை இருட்டாக்க வேண்டும். எவ்வளவு, எந்த நிறத்தில், எந்த இடத்தில் என்று அளந்து இருட்டாக்கினால் அந்தச் சிறு வெள்ளை நிலவாகிவிடும்.

மூன்றாவது விஷயம் நம் கண்ணைப் பற்றியது. நிலவொளி நீலமாகத் தெரிகிறது என்று எல்லோரும் சொல்வோம். உண்மையில் நிலவு தருவது சூரிய ஒளியைத்தான். அது நிலவின் சாம்பல் நிறத் தரையில் பட்டுத் திரும்பும்போது கொஞ்சம் மஞ்சள் பக்கமாகவே சாய்கிறது. நீலமாகக் காட்டுவது நம் கண். வெளிச்சம் குறையும்போது கண்ணில் வேறு வகைக் கலங்கள் வேலையை எடுத்துக்கொள்கின்றன. அவற்றுக்குச் சிவப்பு அநேகமாகத் தெரியாது, நீலப் பச்சைக்கு அவை கூர்மையானவை. மஃரிப் நேரத்தில் முற்றத்தில் நிற்கும் செவ்வரத்தம் பூவைக் கவனியுங்கள். சிவப்பு முதலில் கறுத்துப்போகும், இலை இன்னும் தெரியும். செக் நாட்டு விஞ்ஞானி புர்கின்யே 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இதைக் கவனித்து எழுதினார். இந்த விளைவுக்கு இன்றும் அவர் பெயர்தான். ஆகவே இரவை வரைபவர் வெளியே இருப்பதை மட்டும் வரைவதில்லை. இருட்டில் மனிதக் கண் படும் பாட்டையும் சேர்த்து வரைகிறார்.

குயின்ஜிக்கு முன்பும் பலர் இரவை வரைந்திருக்கிறார்கள். அவர்களில் இருவரை மட்டும் சொல்கிறேன்.

ஒருவர் ஜெர்மனியில் பிறந்து ரோமில் வாழ்ந்த அடம் எல்ஸ்ஹைமர். 1609இல் ஒரு செப்புத் தகட்டில், ஓர் அப்பியாசக் கொப்பியை விரித்துவைத்த அளவில், ஓர் இரவுக் காட்சியை வரைந்தார். கிறிஸ்தவ வேதத்தில் வரும், ஒரு குடும்பம் எகிப்துக்குத் தப்பிச் செல்லும் நிகழ்வு அது. அந்தச் சின்னத் தகட்டில் பல ஒளிகள் இருக்கின்றன. நடப்பவரின் கையில் பந்தம், தூரத்தில் இடையர் மூட்டிய நெருப்பு, வானத்தில் நிலவு, தண்ணீரில் அதன் நிழல். பால்வீதியை வெறும் புகைக் கோடாக வரையாமல் தனித்தனி நட்சத்திரங்களின் கூட்டமாக வரைந்திருக்கிறார். கலிலியோ தொலைநோக்கியால் பார்த்ததைப் புத்தகமாக வெளியிட்டது அடுத்த வருடம், 1610இல். இந்தப் படம் இன்று மியூனிக் நகரில் இருக்கிறது. அதிலே இருட்டுக்கு ஒரு வேலை இருக்கிறது. அது தப்பி ஓடுபவர்களை மறைக்கிறது. பார்க்கும் நமக்கு அவர்களின் பயமும் தெரிகிறது, அந்த இருட்டு தரும் பாதுகாப்பும் தெரிகிறது. அங்கே இரவு ஒரு கதைக்குத் துணையாக வருகிறது.

அடுத்தவர் அமெரிக்காவில் பிறந்து லண்டனில் வாழ்ந்த ஜேம்ஸ் விஸ்லர். இவர் கதையை எடுத்துவிட்டார். 1870களில் தேம்ஸ் நதியின் இரவுகளை வரைந்து, அவற்றுக்கு இரவு நேர இசையைக் குறிக்கும் 'நொக்டேர்ன்' என்ற பெயரை வைத்தார். நதிக்கரைக்குப் போவார், காட்சியை நன்றாகப் பார்ப்பார், பிறகு அதற்கு முதுகைக் காட்டி நின்று, எந்த வெளிச்சம் எங்கே இருந்தது என்று கூட வந்தவரிடம் ஒப்புவிப்பார். நம் மத்ரஸாவில் பாடம் கொடுப்பது போல. சரியாகச் சொல்ல முடிந்தால் வீட்டுக்குப் போய் வரைவார். தண்ணீராய் ஓடும் மெல்லிய வண்ணத்தில் மூடுபனியும் மங்கிய கரையும் சில விளக்குப் புள்ளிகளும் மட்டும். யார் நிற்கிறார், என்ன நடக்கிறது என்று எதுவும் சொல்லமாட்டார். பார்ப்பவருக்கு மிஞ்சுவது அந்த நேரத்தின் அமைதியும் ஈரமும் தனிமையும்தான்.

இதற்கு அவர் பெரிய விலை கொடுத்தார். இரவு வானத்தில் வாணவேடிக்கை உதிர்வதை வரைந்த அவருடைய படம் 1877இல் காட்சிக்கு வந்தது. விலை 200 கினி. அன்றைய இங்கிலாந்தின் மிகப் பெரிய கலை விமர்சகர் ஜோன் ரஸ்கின், மக்களின் முகத்தில் வண்ணக் குடத்தை வீசியதற்குக் காசு கேட்கிறார் என்ற பொருளில் எழுதினார். விஸ்லர் அவதூறு வழக்குப் போட்டார். 1878 நவம்பரில் விசாரணை நடந்தது. இரண்டு நாள் வேலைக்கா இவ்வளவு பணம் என்ற கேள்விக்கு, ஒரு வாழ்நாள் முழுக்கச் சேர்த்த அறிவுக்குக் கேட்கிறேன் என்ற கருத்தில் பதில் சொன்னார். வழக்கில் அவர்தான் வென்றார். நட்டஈடாகக் கிடைத்தது ஒரு ஃபார்திங், அதாவது ஒரு பென்னியின் நாலில் ஒரு பங்கு. வழக்குச் செலவும் சேர்ந்து அடுத்த வருடமே வங்குரோத்தானார்.

அதற்கு இரண்டு வருடம் கழித்துத்தான் சென் பீட்டர்ஸ்பேர்க்கில் அந்த வரிசை நின்றது. குயின்ஜியின் படத்திலும் கதை கிடையாது. ஆனால் அங்கே யாரும் ஏமாற்றப்பட்டதாக நினைக்கவில்லை. ஏன்?

குயின்ஜி இரவை மங்கலாக்கவில்லை. அதற்குள் ஓர் ஒளியை வைத்து அதை நம்பவும் வைத்தார். இதை அவர் குருட்டாம்போக்கில் செய்யவில்லை. தனிம அட்டவணையை விஞ்ஞானப் பாடத்தில் படிக்கும் பிள்ளைகளுக்கு மெண்டலீவ் பெயர் தெரியும். அந்த மெண்டலீவின் வீட்டில் புதன்கிழமைகளில் விஞ்ஞானிகளும் ஓவியர்களும் கூடுவார்கள். குயின்ஜியும் போவார். ஒளியையும் நிறங்களையும் ஆராய்ந்த பெத்ருஷெவ்ஸ்கி என்ற பௌதிகவியலாளரின் பழக்கமும் அவருக்கு அங்கே உண்டு. பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாத ஒரு செருப்புத் தொழிலாளியின் மகன் நாட்டின் பெரிய விஞ்ஞானிகளோடு இருந்து நிறங்களைப் பற்றிக் கதைத்தார்.

படத்தை இப்போது மறுபடி மனதில் கொண்டுவாருங்கள். நிலம் முழுவதும் செம்மை கலந்த இருண்ட கபில நிறம். நிலவும் ஆறும் குளிர்ந்த பச்சை வெள்ளி. சூடான இருட்டுக்குப் பக்கத்தில் குளிர்ந்த வெளிச்சத்தை வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று கூட்டிக் காட்டும். மிகவும் வெள்ளையான வண்ணத்தை ஒரு சிறு இடத்துக்கு மட்டும் ஒதுக்கியிருக்கிறார். நிலத்தைக் கீழே ஒதுக்கி வானத்துக்கு நிறைய இடம் கொடுத்திருக்கிறார். பிறகு அந்தக் குடிசை ஜன்னலின் சிவந்த வெளிச்சம். அதைக் கையால் மறைத்துப் பாருங்கள், படம் வெறும் வானமாகிவிடும். கையை எடுத்தால் அங்கே யாரோ இருக்கிறார்கள், விழித்திருக்கிறார்கள். அவ்வளவு பெரிய வானத்தின் கீழே ஒரு மண்ணெண்ணெய் விளக்கு அளவில் ஒரு வாழ்க்கை. தஹஜ்ஜுத் நேரத்தில் வாசல் கதவைத் திறந்து வெளியே எட்டிப் பார்த்திருந்தால் அந்த உணர்வு உங்களுக்குத் தெரிந்திருக்கும். இரவு ஓவியத்தில் மனநிலை என்று சொல்வது இதைத்தான். ஓவியர் நமக்கு எதையும் சொல்லித் தருவதில்லை, அந்த நேரத்தில் நம்மைக் கொண்டுபோய் நிறுத்துகிறார்.

அதே காலத்தில் ரஷ்ய ஓவியர்களுக்கு மூத்தவராக இருந்தவர் இவான் க்ரம்ஸ்கொய். அவரும் படத்தைப் பார்த்து வியந்தார். ஆனால் தொழில் தெரிந்தவர் என்பதால் அவருக்கு ஒரு கவலையும் வந்தது. இந்த வண்ணக் கலவை நிலைக்குமா? ஒன்றுக்கொன்று பகையான வண்ணங்களை இந்த மனிதர் சேர்த்துவிட்டாரா? நாளைக்கு இது மங்கிப்போனால், இதைப் பார்த்தா நம் முன்னோர் இவ்வளவு பரவசப்பட்டார்கள் என்று பிள்ளைகள் தோளைக் குலுக்குவார்களே! ஆகவே இப்போதே ஒரு சாட்சிப் பத்திரம் எழுதி வைத்தால் என்ன என்று தன் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் யோசிக்கிறார். இந்தப் படம் மெய்யான ஒளியாலும் காற்றாலும் நிறைந்திருந்தது, இந்த ஆறு மெய்யாகவே ஓடியது, இந்த வானம் மெய்யாகவே ஆழமாக இருந்தது, நாங்கள் எங்கள் கண்ணால் கண்டோம் என்று.

அவர் பயந்ததுதான் நடந்தது.

படத்தை வாங்கியவர் சக்கரவர்த்தியின் குடும்பத்தைச் சேர்ந்த இளவரசர் கொன்ஸ்தாந்தின் கொன்ஸ்தாந்தினோவிச். விலை 5,000 ரூபிள். அவர் கவிஞர், அன்று கடற்படை அதிகாரியும் கூட. படத்தைப் பிரிய மனமில்லாமல் கடற்பயணத்திலும் கூடக் கொண்டுபோனார். எழுத்தாளர் துர்கனேவ் அப்போது பாரிசில் இருந்தார். கடலின் ஈரமும் உப்புக் காற்றும் படத்தைக் கெடுத்துவிடும் என்று பயந்து, அதைப் பாரிசிலேயே விட்டுவைக்கும்படி எடுத்துச் சொன்னார். 1881 ஜனவரியில் பாரிசில் சில நாட்கள் காட்சிக்கு வைக்கத்தான் அவரால் முடிந்தது. பிறகு படம் மறுபடி கப்பலேறியது.

கடல் மட்டும் காரணமல்ல. படத்துக்குள்ளேயே ஒரு காரணம் இருந்தது. அந்த ஆழமான சூடான இருட்டுக்காகக் குயின்ஜி பாவித்த வண்ணங்களில் அஸ்பால்ட், அதாவது நம் ரோட்டுத் தாரின் இனத்தைச் சேர்ந்த வண்ணமும் இருந்தது. அக்காலத்து ஓவியர்கள் பலர் அதை விரும்பினார்கள். பூசியவுடன் பளபளப்பான, கண்ணாடி போன்ற கபில நிறம் தரும். ஆனால் அது முழுதாகக் காயாது. வருடங்கள் போகப் போகக் கறுக்கும், வெடிக்கும். ஒளியை எடுத்துக் காட்டுவதற்காக அவர் வைத்த இருட்டு மெல்ல மெல்லப் பரவி அந்த ஒளியையே தின்ன ஆரம்பித்தது. படம் இன்று சென் பீட்டர்ஸ்பேர்க்கின் ரஷ்ய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இன்றும் பார்ப்பவர்கள் அதன் முன்னால் நின்றுவிடுகிறார்கள். ஆனால் 1880இல் அந்த இருட்டு மண்டபத்தில் நின்றவர்கள் கண்ட அதே வெளிச்சத்தை இனி யாரும் காண முடியாது.

இதை வாசித்தபோது எனக்கு நம் பிறை விவகாரம்தான் ஞாபகம் வந்தது. மழை முகில் மூடிய இரவில் நம்மில் யாரும் ரமழான் பிறையைக் காண்பதில்லை. எங்கோ ஓர் ஊரில் ஒருவர் கண்டதாகச் சாட்சி சொல்கிறார். கொழும்பு பெரிய பள்ளிவாசலில் அதை விசாரித்து அறிவிக்கிறார்கள். காணாத நாமும் நோன்புக்கு நிய்யத் வைக்கிறோம். க்ரம்ஸ்கொய் எழுத நினைத்ததும் அப்படியொரு சாட்சியைத்தான். கண்டவர் கண்டதாகச் சொன்னதை வைத்துத்தான் அந்த ஒளியை நாம் இன்று அறிகிறோம்.

குயின்ஜி அதற்குப் பிறகு என்ன செய்தார்? இன்னும் இரண்டு வருடம் படங்களைக் காட்டினார். 1882க்குப் பிறகு ஸ்டூடியோக் கதவை மூடிக்கொண்டார். புகழின் உச்சியில் இருந்தவர் சுமார் இருபது வருடம் புதிய படம் எதையும் வெளியே காட்டவில்லை. பாடகனுக்குக் குரல் இருக்கும்போதே மேடையை விட்டு இறங்கிவிட வேண்டும் என்பது அவர் சொன்ன விளக்கம். வரைவதை மட்டும் நிறுத்தவில்லை. அவர் மறைந்தபோது நூற்றுக்கணக்கான படங்கள் வீட்டில் இருந்தன.

ஆசிரியனாக எனக்குப் பிடித்த பகுதி இனித்தான் வருகிறது. தன்னை இரண்டு தடவை திருப்பி அனுப்பிய அதே கல்விக்கழகத்தில் 1894இல் பேராசிரியரானார். 1897இல் மாணவர் போராட்டத்தில் பிள்ளைகளின் பக்கம் நின்றதால் அந்தப் பதவி போனது. அடுத்த வருடம் தன் மாணவர்களைச் சொந்தச் செலவில் ஐரோப்பாவின் ஓவியங்களைப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார். 1904இல் இளம் ஓவியர்களுக்குப் பரிசு கொடுப்பதற்காக 1,00,000 ரூபிள் நன்கொடை கொடுத்தார். தான் எளிமையாகவே வாழ்ந்தார். தினமும் மொட்டை மாடிக்கு ஏறிப் பறவைகளுக்குத் தீனி போடுவார். 1910இல் மறைந்தார்.

கதை அங்கே முடிந்திருக்கலாம். ஆனால் 2022 மார்ச்சில் மரியுபோல் மீது குண்டு விழுந்ததை நாமெல்லாம் செய்தியில் பார்த்தோம். அந்த நகரில் குயின்ஜியின் பெயரில் ஓர் ஓவிய அருங்காட்சியகம் இருந்தது. 2010இல் திறக்கப்பட்டது. விமானத் தாக்குதலில் அதுவும் சிதைந்தது. அங்கிருந்த அவருடைய மூலப்படங்கள் முன்கூட்டியே வேறிடத்தில் பத்திரப்படுத்தப்பட்டிருந்ததால் தப்பின. பிறகு அவையும் ரஷ்யக் கட்டுப்பாட்டில் இருந்த தொனெத்ஸ்க் நகருக்குக் கொண்டுபோகப்பட்டன. 2023இல் நியூயோர்க்கின் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகம் தன்னிடம் உள்ள குயின்ஜியின் படத்துப் பெயர்ப் பலகையில் 'ரஷ்யர்' என்று இருந்ததை 'உக்ரேனியர்' என்று மாற்றியது. வாத்து மேய்த்த காலத்தில் அந்தப் பையன் யாருக்கும் வேண்டியவனாக இருக்கவில்லை. இன்று அவரைத் தன்னவர் என்று சொல்ல எத்தனை பேர்! அவர் பிறந்த ஊரின் தெருக்கள்தான் 2022இல் இடிந்துபோயின.

இனி அந்தக் கேள்விக்கு வருகிறேன். என் பிள்ளைகள் ஏன் விளக்கைத் தேடவில்லை?

அவர்கள் மீது பிழை இல்லை. பிழை என்னுடையது. நான் காட்டியது போனில். போன் திரைக்குப் பின்னால் உண்மையிலேயே ஒரு விளக்கு எரிகிறது. நிலவும் எரியும், இருட்டும் எரியும், விளம்பரமும் அதே வெளிச்சத்தில்தான் எரியும். பின்னால் விளக்கு இருப்பதில் அதிசயப்பட என்ன இருக்கிறது? 1880இல் மக்கள் அதிசயப்பட்டது அங்கே விளக்கு இல்லை என்பதைக் கண்டுகொண்டதால்தான். வெறும் துணி, எண்ணெய், அரைத்த மண், கொஞ்சம் தார். மீதி வேலையைச் செய்தது அதைச் சுற்றி வைத்த இருட்டும், அந்த இருட்டுக்குப் பழகிய கண்ணும்.

அதனால் அடுத்த வாரம் வேறு விதமாகச் செய்யப் போகிறேன். படத்தைத் தாளில் அச்சடித்து, வகுப்பு ஜன்னல்களை மூடி, ஒரு டோர்ச் லைட்டை அதன் மேல் மட்டும் அடித்துக் காட்டப் போகிறேன். அதற்கு முன் ஒரு வீட்டுவேலை. பௌர்ணமியை ஒட்டிய ஓர் இரவில், முற்றத்து லைட்டை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் வெளியே நின்று, எந்த நிறம் முதலில் மறைகிறது, எது கடைசிவரை தெரிகிறது, மனதில் என்ன தோன்றுகிறது என்று ஐந்து வரி எழுதிக்கொண்டு வர வேண்டும். பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். அந்தப் பத்து நிமிடம் பிள்ளையோடு நீங்களும் நில்லுங்கள், போனை உள்ளே வைத்துவிட்டு வாருங்கள்.

அவர்கள் எழுதிக் கொண்டுவருவதும் ஒரு சாட்சிதான். பத்திரமாக எடுத்து வைப்பேன், இன்ஷா அல்லாஹ்.